ஏழு டின் மணல்

சாத்தூரில் காராச்சேவுக் கடை வைத்திருக்கும் அய்யாச்சாமியின் வீட்டார், கோடை விடுமுறையில் கடற்கரையில் மரக்குடில் ஒன்றை வாடகைக்குப் பிடித்து மூன்று நாள் தங்கிவிட்டு வருவதென்று பேசி முடித்த மறுநாள் காலையில், அவர்கள் மேலிருந்து மணல் உதிர ஆரம்பித்தது. அய்யாச்சாமி வேட்டியை உதறிக் கட்டும்போது உதிர்ந்தது, அவர் சம்சாரம் ராமுத்தாய் கொண்டையை அவிழ்த்தபோது உதிர்ந்தது, காலேஜ் லீவில் வந்திருந்த அவர்கள் மகன் கார்த்தி எழுந்தபோது பாயெல்லாம் மணலாய்க் கிடந்தது, தம்பி குருவையா வாய் கொப்பளித்தால் தண்ணீரோடு மணல் வந்தது, இரண்டு தெரு தள்ளி வாக்கப்பட்டிருந்த தங்கச்சி செண்பகம் தன் புருஷன் தவசியையும் இழுத்துக்கொண்டு, "அண்ணே, எங்க ரெண்டு பேரு காதுக்குள்ளயும் பாரு," என்று ஓடி வந்தாள், குருவையாவின் ஒன்பது வயது மகள் மகிழினி மட்டும் இரட்டைச் சடையை ஆட்டி ஆட்டி மணலைக் கொட்டி, எனக்குத்தான் நிறைய, எனக்குத்தான் நிறைய என்று குதித்தாள். வெள்ளை மணல், நைசான மணல், ஊடே ஊடே பொடிச் சிப்பி. வைப்பாற்று மணல் என்று சொல்ல வழியில்லை, வைப்பாற்றில் மணல் இருந்து ரொம்பக் காலமாகிறது. ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்த அய்யாச்சாமி, "உப்புக் கரிக்குது. கடல் மணல்தான்," என்று சொல்லிவிட்டு, நேரமாகிவிட்டதென்று கடை திறக்கப் போய்விட்டார்.

எட்டுப் பேரில் ஏழு பேர் மேல் மணல். உதிராத ஒருத்தி குருவையாவின் சம்சாரம் மாரித்தங்கம். அவள்தான் விளக்குமாற்றை எடுத்து வந்து கூட்டினாள். அந்த வீட்டில் கூட்டுகிறவள் எப்போதும் அவள்தான்.

முந்தின நாள் சாயங்காலம் நடந்தது இவ்வளவுதான். கார்த்தி தன் போனில் கள்ளிமுனை என்ற கடற்கரையைக் காட்டினான். சவுக்குத் தோப்பு, தோப்பு முடிகிற இடத்தில் குட்டைத் தூண்கள் மேல் நிற்கிற மரக்குடில், உள்ளே ரயில் பெர்த் மாதிரி ஒன்றன் மேல் ஒன்றாக எட்டுப் படுக்கை, ஜன்னலைத் திறந்தால் கடல், வாசலில் கூடாரம் போட்டு நெருப்பு மூட்டி மீன் சுட்டுத் தின்னலாம். அய்யாச்சாமிக்கு ஆசைதான், ஆனாலும் தலையைச் சொறிந்தார். "அய்யா செத்ததுக்குப் பதினாறு நாள் அடைச்சோம், ஆத்தா செத்ததுக்குப் பதினாறு நாள் அடைச்சோம். சந்தோசத்துக்குன்னு இந்தக் கடை அடுப்பை அணைச்சது இல்லையேடா," என்றார். "அதான்ப்பா, சாவுக்கு மட்டுந்தான் அடைக்கணும்னு சட்டமா?" என்று கார்த்தி கேட்டதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள், அந்தச் சிரிப்பில் முடிவாகிவிட்டது. உடனே அவன் காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் பெயர் எழுத ஆரம்பித்தான், கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிடுகிற மாதிரி ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று, "வர்றீங்களா?" என்று கேட்டான். ஒவ்வொருவரும், "வர்றேன்," என்றார்கள். மகிழினி, "வர்றேன் வர்றேன் வர்றேன்," என்று மூன்று தடவை சொன்னாள். மாரித்தங்கத்திடம் வந்ததும், "சித்தி, அங்க அடுப்பு இருக்காம். அரிசி பருப்பு என்னென்ன வேணும்னு சொல்லிருங்க," என்று அவள் பெயரையும் எழுதிக்கொண்டான்.

வருகிறாயா என்று அவளை யாரும் கேட்கவில்லை. அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. கல்யாணமாகி வந்த பதினோரு வருஷத்தில் சேலை நிறத்தைக்கூட அவளைக் கேட்டு யாரும் எடுத்ததில்லை, பழகிவிட்டது.

சேவு போடுகிற கையில் மணல் உதிர்ந்தால் பிழைப்பு என்ன ஆகும்? அன்றைக்கு அய்யாச்சாமி மாவைத் தேய்கரண்டியில் வைத்துத் தேய்க்கத் தேய்க்க, சேவோடு மணலும் எண்ணெயில் விழுந்து படபடவென்று வெடித்தது. முதல் ஈடு வாங்கிய கோவில்பட்டிக்காரர் ஒரு வாய் கடித்துவிட்டு, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, கல்லைப் பொரித்து விற்கிறாயா என்று சண்டைக்கு வந்தார். குருவையா உட்கார்ந்து பார்த்தான், அதே கதை. தவசி வந்து பார்த்தான், அதே கதைதான். கடைசியில் வேறு வழியில்லாமல், பெண்பிள்ளை நிற்கக் கூடாது என்று அய்யாச்சாமியின் அய்யா காலத்திலிருந்து கட்டுப்பாடு இருந்த அந்த அடுப்பில் மாரித்தங்கம் போய் நின்றாள். பூண்டையும் வற்றலையும் அவள் கைப்பக்குவத்துக்கு அரைத்துப் போட்டாள். ஒரு வாரத்தில், சேவு முன்னைக்கு இப்போது நன்றாயிருக்கிறதே என்று ஊர் சொல்ல ஆரம்பித்தது. பத்தடி தள்ளி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, மடியில் மணல் உதிர உதிர, "தீயைக் குறை, தீயைக் குறை," என்று கத்துவது மட்டும் அய்யாச்சாமியின் வேலையாயிற்று.

தெருவுக்கு இரண்டு நாள்தான் ஆச்சரியம். மூன்றாம் நாள் எதிர்வீட்டுப் பேச்சியம்மாள் சொளகோடு வந்து நின்று, "நைசாத்தான இருக்கு, நிலக்கடலை வறுக்க ஒரு படி குடேன்," என்றாள். வறுத்துப் பார்த்தால் கடலை கருகவும் இல்லை, உப்பும் தானாகவே பிடித்திருந்தது. அதற்குப் பிறகு தெருவே சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தது, வறுத்த மணலைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் ஏற்பாடு. ஊரிலிருந்த பூனைகளெல்லாம் அந்த வீட்டுக் கொல்லையில் வந்து குந்தின. முடிவெட்டுகிறவர் கார்த்தியைக் கடைக்குள் விடாமல் வாசலில் உட்கார்த்தி வெட்டினார். பள்ளிக்கூடத்து டீச்சர், மகிழினி உட்காருகிற பெஞ்சுக்கு அடியில் ஒரு முறத்தை வைத்துவிட்டுப் பாடத்தை நடத்தினாள். ராமுத்தாய்க்கு இதிலும் ஒரு பெருமை வந்துவிட்டது, தன் மணலில் வறுத்த கடலைதான் ருசி, செண்பகத்தின் மணலோடு அதைக் கலக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். அதனால் மாரித்தங்கம் ஏழு காலி எண்ணெய் டின்களைக் கொல்லைச் சுவரோரம் வரிசையாக வைத்து, சாக்குக் கட்டியால் ஏழு பேர் பெயரையும் எழுதி, காலையில் ஒருதரம் சாயங்காலம் ஒருதரம் அவரவர் மணலைக் கூட்டி அவரவர் டின்னில் போட்டாள். செண்பகமும் தவசியும் தங்கள் மணலைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

மாரித்தங்கத்தின் மேல் மட்டும் ஏன் உதிரவில்லை என்ற கேள்வியை டீக்கடையில் யாரோ எடுத்தார்கள். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் பதிலும் வந்துவிட்டது. கடலுக்குப் போகப் போகிறவர்கள் மேல் உதிர்கிறது. அவள் பெயரும் காலண்டர் தாளில் இருக்கிறது, இருந்தும் உதிரவில்லை. அப்படியென்றால் அவள் போகப் போவதில்லை. பெயர் கொடுத்தவள் ஏன் போகவில்லை? அதுவரைக்கும் இருக்க மாட்டாள், அவ்வளவுதான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மறுநாளே அந்தச் சேதி அய்யாச்சாமியின் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

அன்றிலிருந்து மாரித்தங்கத்துக்கு ராஜ மரியாதை. பதினோரு வருஷமாக மீன் குழம்பில் வாலை மட்டும் அவள் தட்டில் போட்டுவந்த ராமுத்தாய் நடுத்துண்டாகப் பார்த்துப் போட்டாள். இரவல் வாங்கிப்போன கொலுசைப் பற்றி நாலு வருஷமாக வாயைத் திறக்காத செண்பகம் அதை விளக்கி மினுமினுப்பாகக் கொண்டுவந்து, "நீங்க போட்டுக்கங்க மதினி," என்று காலில் அவளே மாட்டிவிட்டாள். அய்யாச்சாமி அவளை ஆத்தா என்று கூப்பிட ஆரம்பித்தார். பேச்சியம்மாள் முதற்கொண்டு தெருப் பெண்கள், மசக்கைக்காரிக்குக் கொண்டுவருகிற மாதிரி பணியாரமும் அதிரசமும் கொண்டுவந்து, அவள் தின்று முடிக்கிறவரை கண்ணில் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தார்கள். குருவையா இருக்கிறானே, சாப்பிட்ட தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போகிறவன், அவன் இப்போது தண்ணீர்க் குடத்தை அவள் இடுப்பிலிருந்து வாங்கினான், மத்தியானம் கடையடுப்பு ஓய்ந்த நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "சாப்பிட்டியா தங்கம்?" என்று கேட்டான்.

முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் பயம் வந்தது, மகிழினிக்குத் தலை வாரிவிட இனி யார் என்று நினைத்து அழுதாள். அதற்கும் அப்புறம், சொல்ல வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான், அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. சாகப்போகிறவளுக்குக் கிடைக்கிற சோறு இவ்வளவு ருசியாக இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. சாப்பிட்டியா என்று அவன் கேட்பதற்காகவே அவள் மத்தியானத்துக்குக் காத்திருந்தாள்.

இருபதாம் நாளோ என்னவோ, மணலைக் கொட்டிக்கொண்டிருந்தபோதுதான் அவள் டின்களைச் சரியாகப் பார்த்தாள். ஏழு டின்னிலும் மணல் ஒரே மட்டத்துக்கு நின்றது. அய்யாச்சாமி ஆள் ஆனைக்குட்டி, மகிழினி முழங்கை உயரம், அவர் டின்னும் அரை, இவள் டின்னும் அரை. அதெப்படி என்று மறுநாள் ஒவ்வொருவர் மணலையும் கையால் அள்ளி அளந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று பிடி, ஒரு சிட்டிகை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று பிடி.

தலைக்கு முன்னால் அவள் கைக்குத் தெரிந்துவிட்டது. அவள் அப்பாவுக்கு ஆண்பிள்ளை கிடையாது. பதினேழு வயதில், பெண்பிள்ளை மயானத்துக்கு வரக் கூடாது என்று மறித்தவர்களைத் தள்ளிக்கொண்டு போய், குழிக்குள் கிடந்த அப்பாவின் மேல் மூன்று பிடி மண்ணை அள்ளிப் போட்டவள் அவள். அந்த மூன்று பிடியின் கனம் அப்படியே கையில் இருந்தது. உதிர்கிற மணல் போகிறவர்களுக்கு வழித்துணை இல்லை, ஏழு பேர் மேலும் யாரோ தினம் தினம் மண் அள்ளிப் போடுகிறார்கள், வர்றேன் என்று ஏழு பேரும் ஆசையாகச் சொன்னது வெறும் பேச்சாக அல்ல, வாக்காகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. தன்னை யாரும் கேட்கவில்லை, தானும் சொல்லவில்லை, அதனால்தான் தன் மேல் உதிரவில்லை. அவள் மகிழினியின் டின்னைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

குருவையாவிடம்தான் முதலில் சொன்னாள். மத்தியானம், அடுப்பு ஓய்ந்த நேரம். எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டு முடித்ததும் மணல் ஒட்டிய உள்ளங்கையால் அவள் தலையை மெதுவாகத் தடவி, "எங்களை விட்டுட்டுப் போகணுமேன்னு இருக்கு உனக்கு. அதான் இப்படியெல்லாம் தோணுது," என்றான். இல்லை என்று அவனைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும். பதினோரு வருஷத்தில் அவன் அவள் தலையைத் தடவியதில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு தலையைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் ஏழு பேரையும் உட்காரவைத்துச் சொன்னாள். அய்யாச்சாமி பொறுமையாகக் கேட்டுவிட்டு, தன் டின்னுக்கு அன்றைக்குக் கூட்டிய மணலைத் தட்டில் கொட்டச் சொல்லித் தன் கையால் அளந்தார். இரண்டு பிடிக்குக் கொஞ்சம் மேலே வந்தது. "பாத்தியா? உன் கை சின்னக் கை, மூணு வருது. என் கைக்கு ரெண்டுதான். இதுக்குப் போயி பயந்துக்கிட்டு," என்று சிரித்தார். எல்லோரும் அப்பாடா என்று மூச்சுவிட்டார்கள். கடலுக்குப் போகாமல் இருந்தால் என்ன என்று மாரித்தங்கம் கேட்டாள். "போகலைன்னா இது நிக்குமா? சாகிறவரைக்கும் உதிர்ந்துக்கிட்டே இருந்தா என்ன செய்ய? அந்தக் கடல்லயே போயித் தலை முழுகுனாத்தான் இது விடும்," என்றார். பிறகு, என்ன தோன்றியதோ, எழுந்து வந்து அவள் முன்னால் நின்று, "யாரும் கேக்கலைன்னுதான சொல்ற? நான் கேக்குறேன் ஆத்தா. கடலுக்கு வர்றியா? வர்றேன்னு சொல்லிரு, உன் மேலயும் உதிரட்டும், நீயும் பிழைச்சுக்க," என்றார்.

ஏழு பேரும் அவள் வாயையே பார்த்தார்கள். கார்த்தி அழுதுகொண்டிருந்தான். ராமுத்தாய் இரண்டு கையையும் கூப்பியிருந்தாள். அந்த வீட்டில் அவளிடம் ஒரு கேள்வி கேட்டு, அதற்கு அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று எல்லோரும் காத்து நின்றது அதுதான் முதல் தடவை.

"நான் வரலை," என்றாள் மாரித்தங்கம்.

பெரியவர்களை இனி அசைக்க முடியாது, பிள்ளையையாவது மீட்க வேண்டும் என்று அவள் முடிவு செய்தாள். பிள்ளையைப் பூட்டி வைத்தால் உதிர்வது நிற்காது. வாக்குக் கொடுத்த வாயே, மனசறிந்து, வரவில்லை என்று சொல்ல வேண்டும். ஆனால் மகிழினியோ நீலக் கலரில் ஒரு ரப்பர் வளையத்தை ஊதி இடுப்பில் மாட்டிக்கொண்டு வீடு முழுக்க நீந்திக்கொண்டிருந்தாள். கடலில் சுறா இருக்கிறது என்று மாரித்தங்கம் பயங்காட்டினாள். "சுறாவைப் பாக்கத்தானம்மா போறோம்," என்றது பிள்ளை. தலைவலி வரும் என்றாள், காய்ச்சல் வரும் என்றாள், ஒன்றுக்கும் மசியவில்லை, சடையிலிருந்து மணல் கொட்டிக்கொண்டே இருந்தது. டின் கழுத்துவரை நிறைந்து, பயணத்துக்கு மூன்றே நாள் மிச்சம் என்றானபோது, மாரித்தங்கம் ஒரு தாய் சொல்லக் கூடாததைச் சொல்லத் துணிந்தாள்.

நம் வீடுகளில் பிள்ளைகளைச் சீண்டுவதற்கு ஒரு பேச்சு உண்டு, உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம் என்று. மகிழினி பிறந்ததிலிருந்து அய்யாச்சாமி அதைச் சொல்லிச் சொல்லி அவளை அழவைத்துச் சிரிப்பார். அவளும் இப்போதெல்லாம் அதற்கு அழுவதில்லை. அன்றைக்கு மாரித்தங்கம் பிள்ளையைக் கொல்லைக்குக் கூட்டிப்போய், சிரிக்காத முகத்தோடு, "பெரியப்பா சொல்றது விளையாட்டு இல்லை மகி. கள்ளிமுனையில ஒரு மீன்காரிகிட்ட ஒரு மூட்டை தவிட்டைக் குடுத்துத்தான் உன்னை வாங்குனோம். அவ இப்ப பிள்ளையைத் திருப்பிக் கேக்குறா. அவகிட்ட உன்னை விட்டுட்டு வரத்தான் எல்லாரும் போறாங்க. எனக்கு மனசு கேக்கலை, அதான் நான் வரலை," என்றாள்.

பிள்ளையின் முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றது. பொய் என்றது. மாரித்தங்கம், "அப்பாகிட்டயே கேட்டுப் பாரு," என்றாள். மகிழினி ரப்பர் வளையத்தோடு கடைக்கு ஓடினாள். அங்கே கூடாரத்துக் கயிற்றைப் பிரித்துக் காயப்போட்டுக்கொண்டிருந்த குருவையா, பிள்ளை மூச்சுவாங்க வந்து, "அப்பா, என்னைத் தவிட்டுக்கா வாங்குனீங்க?" என்று கேட்டதும், எப்போதும் விளையாடுகிற விளையாட்டுத்தானே என்று, "பின்னே? ஒரு மூட்டை தவிடு! அதுவும் நயம் தவிடு!" என்று வாய்விட்டுச் சிரித்தான்.

அவள் சடையிலிருந்து உதிர்ந்துகொண்டிருந்த மணல் அந்த இடத்திலேயே நின்றது. "நான் வரலை," என்றாள் மகிழினி. குருவையாவின் சிரிப்பு அடங்கவில்லை, அவனுக்கு எதுவும் புரியவில்லை. பிள்ளை திரும்பி ஓடிவந்து, வீட்டுக் கடைசி அறையில் கடலை மாவு மூட்டைகளுக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டது.

பிள்ளை மேலும் உதிரவில்லை என்று தெரிந்ததும் வீட்டில் இழவு விழுந்த மாதிரி ஆயிற்று. "ரெண்டு உசுரா போகப் போகுது? கெடுவான் கேடு நினைப்பான்னு சும்மாவா சொன்னாங்க? தனியாப் போக மனசில்லாம பெத்த பிள்ளையையும் கூட்டிட்டுப் போறாளே பாவி," என்று ராமுத்தாய் மாரிலடித்துக்கொண்டாள். மீன் துண்டெல்லாம் அன்றோடு நின்றுபோனது. மூட்டைகளுக்கு வெளியே முறுக்கை வைத்தார்கள், ஐஸ்கிரீமை வைத்தார்கள், செண்பகம் கடலைப் பற்றிப் பாட்டுக்கூடப் பாடினாள். யாருடைய குரல் கேட்டாலும் பிள்ளை இன்னும் உள்ளே உள்ளே நகர்ந்துபோனது. குருவையா அந்த மூட்டைகளுக்கு முன்னால் உட்கார்ந்து, "அப்பா சும்மா சொன்னேண்டா, என் தங்கம்ல," என்று இரண்டு நாள் கெஞ்சினான். அப்புறம் எழுந்துவந்து, போகிற வழியில் திருச்செந்தூரில் மொட்டை போட்டுக்கொள்வதாகவும், கள்ளிமுனையில் நூற்றியெட்டு முழுக்குப் போடுவதாகவும், தன் சம்சாரத்தையும் பிள்ளையையும் உயிரோடு விட்டுவிட வேண்டுமென்றும் சாமி படத்துக்கு முன்னால் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தான். முன்னே ஆசைக்குப் போக இருந்தவன், இப்போது இவர்கள் இரண்டு பேருக்காகப் போகிறான். இனி அவனை யார் நிறுத்த முடியும்?

ஒருத்தியால் முடியும். மாரித்தங்கத்துக்கு ஒரு பொய் தெரிந்திருந்தது. மகி உங்களுக்குப் பிறந்தவள் இல்லை என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னால் போதும். அவளை அடித்திருப்பான், முடியைப் பிடித்துத் தெருவில் இழுத்து விட்டிருப்பான், ஊரைக் கூட்டியிருப்பான், கடலை அடியோடு மறந்திருப்பான். நாக்கு நுனிவரை அது வந்தது. ஆனால் அதைச் சொல்லிவிட்டால் அவன் இனி ஆயுசுக்கும், சாப்பிட்டியா தங்கம் என்று கேட்க மாட்டான். அவள் அதை விழுங்கிவிட்டாள். கிளம்புகிற நாள் விடியுமுன் அவன் பையைப் பிடித்துக்கொண்டு, "போகாதீங்க, போகாதீங்க," என்று மட்டும் அழுதாள். அவன் அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு, "சாப்பிட்டு இரு. மொட்டையோட வந்து நிக்கிறேன், அடையாளம் தெரியுதான்னு பாரு," என்றான்.

வேன் வந்தது. கூடாரம், ஐஸ் பெட்டி, அரிசி, சட்டி, பாய் எல்லாம் ஏறின. மணலைக் கொண்டுபோய்க் கடலிலேயே கொட்டிவிட வேண்டும் என்றுதான் அய்யாச்சாமி நினைத்திருந்தார், டின்களுக்கு வேனில் இடமில்லை. "வந்து பாத்துக்கலாம்," என்றார். ஆறு பேரும், "போயிட்டு வர்றோம்," என்றார்கள். கடைக் கதவில், மூன்று நாள் கடை விடுமுறை என்று கார்த்தி சாக்குக் கட்டியால் எழுதிய பலகை தொங்கியது. விடிந்ததும் சேவு வாங்க வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டு வாசலில் நின்று, "யாரு, என்னைக்கு?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்கள். அந்தக் கடை வேறெதற்கும் அடைத்து அவர்கள் பார்த்ததில்லை.

மறுநாள் பதினோரு மணி வெயிலில் பேச்சியம்மாள் சொளகில் நிலக்கடலையோடு கொல்லை வழியாக வந்தாள். ராமுத்தாயின் டின்னுக்குள் கையை விட்டவள் வெடுக்கென்று எடுத்து, "என்னடி மாரித்தங்கம், இதுல தண்ணியை ஊத்தி வச்சிருக்க?" என்றாள்.

மாரித்தங்கம் ஓடிவந்தாள். ஆறு டின்னிலும் மணல் கறுத்து நனைந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடியிலிருந்து தண்ணீர் ஊறி மேலே வந்து, விளிம்பில் ததும்பி, சாக்குக் கட்டியால் எழுதிய பெயர்களின் மேல் வழிந்தது. அய்யாச்சாமி, ராமுத்தாய், கார்த்தி, செண்பகம், தவசி. குருவையாவின் டின் கடைசியாக நிறைந்தது. ஏழாவது டின் மட்டும் வெயிலில் காய்ந்து வெள்ளையாக இருந்தது. அவள் குருவையாவின் டின்னை இரண்டு கையாலும் மூடப் பார்த்தாள், விரலிடுக்கில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. பேச்சியம்மாள் சொளகைக் கீழே போட்டுவிட்டுத் தெருவைப் பார்த்து ஓலமிட்டாள்.

மத்தியானம் போன் வந்தது. அன்றைக்குக் கடல் குளம் மாதிரிக் கிடந்ததாம். மொட்டைத் தலையோடு ஒருவர் முழுக்குப் போட்டு எண்ணிக்கொண்டிருக்க, மற்ற ஐந்து பேரும் அவரைச் சுற்றிக் கைகோத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றார்களாம். கரையில் சங்கு விற்றவர் பீடி பற்றவைக்கத் திரும்பியிருக்கிறார், திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இல்லை. நாலு நாள் படகு விட்டுத் தேடினார்கள். செருப்புகள் கிடைத்தன, கூடாரம் கிடைத்தது, ஆட்கள் கிடைக்கவில்லை.

உடம்பு இல்லாமல் எதைப் புதைப்பது என்று டீக்கடையில் பேச்சு வந்தபோது, டின்தான் இருக்கிறதே என்று ஒருவர் சொன்னார், அதை யாரும் வினோதமாக நினைக்கவில்லை. ஆறு டின்னையும் குளிப்பாட்டி, மாலை போட்டு, டின்னுக்கு நாலு பேராகத் தூக்கிக்கொண்டு போனார்கள். மண் போட ஆண்வாரிசு இல்லாததால் மாரித்தங்கத்தையும் பிள்ளையையும் மயானத்துக்கு வரக் கூடாது என்று இந்தத் தடவை யாரும் மறிக்கவில்லை. பேச்சியம்மாளின் புருஷன் கடைப் பலகையில் மூன்று என்பதை மட்டும் துணியால் அழித்துவிட்டு, பதினாறு என்று எழுதினார். அவள் சாகப் போகிறாள் என்று சொன்ன அதே வாய்கள், எல்லாம் தெரிந்துகொண்டே அனுப்பிவைத்தாள் என்று சொல்ல ஆரம்பித்தன. அதில் பாதி உண்மை இருந்ததால் அவள் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை.

மகிழினி தன் காய்ந்த மணலை ஒரு பாத்திரத்தில் கொண்டுவந்திருந்தாள். ஒவ்வொரு குழியிலும் மூன்று பிடி போட்டாள். அப்பாவின் குழிக்கு வந்ததும், மிச்சமிருந்ததை எல்லாம் பாத்திரத்தோடு கவிழ்த்தாள். மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்த நாளிலிருந்து அவள் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. திரும்பி வருகிற வழியில், வீட்டு வாசல் வந்தபோதுதான் வாயைத் திறந்தாள்.

"என்னைத் தவிட்டுக்கு வாங்கலைல்லம்மா?"

"இல்லைடா. என் வயித்துல பொறந்தவ நீ."

"நான் கடலுக்குப் போகக் கூடாதுன்னு பொய் சொன்ன, அப்படித்தான?"

"ஆமாடா."

"அந்த மாதிரி ஒரு பொய்யை அப்பாகிட்டயும் சொல்லியிருக்கலாம்லம்மா?" என்றது பிள்ளை.

மாரித்தங்கம் கதவைத் திறந்து உள்ளே போனாள். பழக்கத்தில் கை விளக்குமாற்றைத் தேடி எடுத்தது. அத்தனை பேர் புழங்கிய வீட்டில் கூட்டுவதற்கு ஒரு பொட்டு மணல்கூட இல்லை.